பால் வெட்டியதையும் சொல்லுங்கள்

நேர்காணல் அறையில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." அதற்கு வரும் பதில் எனக்கு மனப்பாடம். பெயர், சொந்த ஊர், அப்பா பெயர், அவர் என்ன செய்கிறார், அம்மா வீட்டைக் கவனிக்கிறார், ஒரு தங்கை பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாவதில் எத்தனை சதவீதம், பொறியியலில் எத்தனை. பொழுதுபோக்கு கிரிக்கெட் பார்ப்பது, பாட்டுக் கேட்பது. கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், நன்றி. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதில் பாதி எங்கள் முன்னால் கிடக்கும் பயோடேட்டாவிலேயே இருக்கிறது. மீதியைச் சற்றுமுன் வந்துபோனவரும் சொல்லியிருப்பார்.

நான் பிறந்தது தக்கலைக்குப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து கரமனையில் நிலைத்துவிட்டேன். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் மனிதவளப் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். அவ்வளவு காலமும் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து எத்தனையோ பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இப்போது மேஜைக்கு மறுபக்கம் இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக.

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம்தான். எல்லைக்கோடு மாறிய பிறகும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் வேலைக்கும் இங்கே வருகிற வழக்கம் மாறவில்லை. 1990இல் டெக்னோபார்க் தொடங்கியபோது இந்தியாவில் அப்படியொரு தொழில்நுட்பப் பூங்கா வேறெங்கும் கிடையாது. அன்றிலிருந்து நாகர்கோவில் ரயிலிலும் களியக்காவிளை பஸ்ஸிலும் சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வந்தபடி இருக்கிறார்கள். படிப்பிலோ திறமையிலோ அவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் தங்களிடம் இருப்பதிலேயே பெறுமானமுள்ளதை அறைக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வருகிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நேர்காணல் பயிற்சி கொடுக்கிறேன். குலசேகரத்துக்கு அந்தப்பக்கம் இருந்து அவன் வந்தான். கணினிப் பொறியியல் முடித்தவன், மென்பொருள் சோதனை வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. மேலே நான் எழுதிய பதிலையே ஒப்பித்தான். பாதியில் நிறுத்தினேன்.

"அப்பா என்ன செய்றாரு மக்களே?"

"சொந்தமா தொழில் பண்ணுதாரு அக்கா."

"என்ன தொழில்?"

கொஞ்சம் தயங்கினான். "ரப்பர் வெட்டுதாரு."

"நீயும் போவியா?"

"லீவுல போவேன். அதையெல்லாம் இன்டர்வியூல சொல்ல முடியுமா அக்கா?"

"இன்டர்வியூவ விடு. எனக்குச் சொல்லு. காலையில எத்தனை மணிக்குப் போவீங்க?"

பேச்சு அங்கேதான் தொடங்கியது. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே இறங்கிவிடுவார்களாம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு காலையில் முந்நூறு மரம். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. வெட்டி முடித்ததும் சிரட்டைகளிலிருந்து பாலை எடுத்து வடிகட்டி, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைப்புரையில் உலர்த்த வேண்டும். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். ஒப்பித்தபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"ஒரு சமயம் கடையில விலைய குறைச்சிட்டாங்க அக்கா. ஷீட்டுல குமிழி இருக்குன்னு. அப்பா ஆசிட் சரியில்லன்னாரு. நான் ஒரு நோட்டுல எழுதிப் பாத்தேன். எந்த நாளு யாரு ஆசிட் விட்டது, எவ்வளவு தண்ணி, நுரைய வழிச்சமா இல்லியான்னு. பாத்தா, நுரைய வழிக்காத நாளுலதான் குமிழி. அதுக்கப்புறம் நானே நின்னு வழிச்சு எடுத்தேன். பிறகு அந்தக் கொறை வரல்ல."

குறையைக் கண்டான். எந்தச் சூழ்நிலையில் வருகிறது என்று குறித்தான். காரணத்தைப் பிரித்தெடுத்தான். மாற்றிச் செய்து, குறை போய்விட்டதா என்று மறுபடியும் பார்த்தான். மென்பொருள் சோதனையாளர் நாள் முழுக்கச் செய்கிற வேலை இதுதான். அப்படியொரு நோட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்களிடம் வந்து "சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டுப் போக இருந்தான்.

அன்றைக்கு உட்கார்ந்து அவனுடைய பதிலை மாற்றி எழுதினோம். ஆங்கிலத்தில் அவன் பேசியதைத் தமிழில் தருகிறேன்: "எங்களுடையது ரப்பர் வெட்டும் குடும்பம். விடுமுறையில் அப்பாவோடு நானும் போவேன். எங்கள் ஷீட்டில் குமிழி விழுந்து விலை குறைந்தபோது, தினமும் குறிப்பெடுத்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். கல்லூரியில் கடைசி வருட புராஜெக்டிலும் பிழை எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற பகுதிதான் எனக்குப் பிடித்திருந்தது. சோதனைப் பிரிவுக்கு விண்ணப்பித்ததற்கு அதுதான் காரணம்." அரை நிமிடம்தான். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் அடுத்த கேள்விக்கு இடம் இருக்கிறது. நேர்காணலில் அவனிடம் அதிக நேரம் கேட்டது அந்த நோட்டைப் பற்றித்தானாம்.

இந்தத் தயக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. "உன்னை நீயே புகழாதே" என்று கேட்டுத்தானே வளர்ந்தோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரமும் தன்னைப் புகழ்வது தகாது என்றுதான் சொல்கிறது. ஆனால் அங்கேயே நான்கு விதிவிலக்குகளையும் கொடுத்திருக்கிறார். அரசனுடைய சபைக்கு ஓலை எழுதும்போது புகழலாம். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் புகழலாம். சபையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்திலும், எதிராளி தன்னைப் பழிக்கும்போதும் புகழலாம். புலவருக்குச் சொன்னதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பம் எழுதுகிறவர் முதல் இடத்தில் இருக்கிறார். தேர்வுக் குழுவின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இரண்டாவது இடத்தில் இருக்கிறார். எங்களுக்கு அவரைத் தெரியாது, அவர் சொன்னால்தான் தெரியும். கூச்சப்படுகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது நன்னூலைத்தான்.

கூச்சம் இன்னொரு விதத்திலும் வெளிப்படும். "நாங்க செஞ்சோம், எங்க டீம் முடிச்சது" என்றே பேசுவார்கள். பண்பாடு என்ற வகையில் அழகான பேச்சுதான். ஆனால் மதிப்பெண் போடுகிறவருக்கு, அந்த ஐந்து பேரில் இவர் என்ன செய்தார் என்று தெரியாமல் போகிறது. "ஐந்து பேர் சேர்ந்து செய்தோம், டேட்டாபேஸ் முழுக்க என் பொறுப்பு" என்றால் மற்றவர்களின் பங்கையும் விடவில்லை, தன் பங்கையும் மறைக்கவில்லை.

கலாமின் கதையை எல்லோரும் அறிவோம். அதில் இரண்டு நேர்காணல்கள் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்ததும், விமானப்படையில் சேரும் ஆசையோடு டேராடூன் போனார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள். கலாமுக்கு ஒன்பதாவது இடம். அறிவைவிட ஆளுமையையே அங்கே அதிகம் பார்த்தார்கள் என்றும், தான் பதற்றமாக இருந்ததாகவும் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதியிருக்கிறார்.

சில வருடம் கழித்து, பெங்களூரில் பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் அவரும் சிறு குழுவும் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்டைக் கட்டினார்கள். தரையைத் தொடாமல் காற்று மெத்தைமேல் ஓடும் வண்டி. அதைப் பார்க்க வந்த விஞ்ஞானி எம்.ஜி.கே. மேனன், கேள்விகள் கேட்டுவிட்டு, ஏறி ஒரு சுற்றுப் போக முடியுமா என்றார். கலாமே ஓட்டிக் காட்டினார். ஒரு வாரத்தில், அப்போதுதான் உருவாகியிருந்த இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ராக்கெட் பொறியாளர் வேலைக்கு அழைப்பு வந்தது. பம்பாயில் நேர்காணல். மேஜைக்கு மறுபக்கம் விக்ரம் சாராபாய், மேனன், அணுசக்தி ஆணையத்தின் துணைச் செயலாளர் சராஃப். சாராபாயின் கேள்விகள் தனக்குத் தெரிந்ததைச் சோதிக்கவில்லை, தன்னால் என்னவெல்லாம் ஆக முடியும் என்று தேடின என்று கலாம் நினைவுகூர்கிறார். மறுநாள் மாலையே தேர்வானதாகத் தகவல் வந்துவிட்டது.

டேராடூனில் ஒன்பதாவதாக வந்தவரும் பம்பாயில் உடனே எடுக்கப்பட்டவரும் ஒரே ஆள்தான். இடையில் அவர் கையால் கட்டிய ஒரு வண்டி வந்திருந்தது. அதில் ஏறிப் பார்த்தவர் தேர்வுக் குழுவிலேயே இருந்தார். அந்த வேலைதான் அவரைத் தும்பாவுக்குக் கொண்டுவந்தது. 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கே கிளம்பியபோது, அதைப் பூட்டிச் சேர்ப்பதும் பாதுகாப்பும் கலாமின் பொறுப்பு. ராக்கெட்டுகளைப் பூட்டிய புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். டெக்னோபார்க்கிலிருந்து தூரமில்லை. நேர்காணல் சீக்கிரம் முடிந்துவிட்டால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு ரயிலேறுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

எல்லோராலும் ஹோவர்கிராஃப்ட் கட்ட முடியாது. ஆனால் செய்த வேலையைக் காட்டுகிறவரிடம் கேட்க எங்களுக்குக் கேள்வி இருக்கிறது, குணங்களை அடுக்குகிறவரிடம் இல்லை. உளவியல் ஆய்வுகளும் இந்தப் பக்கமே நிற்கின்றன. அமெரிக்காவின் ஷ்மிட், ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போகிற போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணல், ஆள் பின்னால் எப்படி வேலை செய்வார் என்பதை நன்றாகக் காட்டுகிறது என்றது அது. 2022இல் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் அந்தக் கணக்குகளைத் திரும்பப் போட்டார்கள். தேர்வு முறைகளில் முதலிடம் இந்த வகை நேர்காணலுக்கே கிடைத்தது. அதனால்தான் பல நிறுவனங்கள் "நீங்கள் நல்ல தலைவரா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஒரு குழுவில் சண்டை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்கின்றன.

இதற்குப் பதில் சொல்ல 'ஸ்டார்' என்ற ஒழுங்கைப் பயிற்சி மையங்களில் சொல்லித்தருகிறார்கள். 1974இல் டி.டி.ஐ. என்ற அமெரிக்க நிறுவனம் உண்டாக்கியது. நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற நான்கு படிகள். நல்ல ஒழுங்குதான். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் நிலைமையை விரிவாகச் சொல்லிவிட்டு, செய்ததை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். நிலைமைக்கு இரண்டு வாக்கியம் தாராளம். பேச்சின் பெரும்பகுதி நீங்கள் செய்ததற்கே போகட்டும். யாரிடம் பேசினீர்கள், எதை முதலில் செய்தீர்கள், எது பலிக்கவில்லை, பிறகு என்ன மாற்றினீர்கள் என்று.

கேட்கிறவர்கள் பக்கமும் கடமை இருக்கிறது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை பற்றிய அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980 நவம்பரில் தீர்ப்பளித்தது. எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. ஆனால் ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கொடுத்திருந்தார்கள். கேட்டதும் பெற்றோர் யார், ஊர் எது என்பது போன்ற கேள்விகள். நேர்காணலுக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுப்பது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் சொன்னது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் 'பி' பிரிவு கெசட் அல்லாத பணிகளுக்கும் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலே நீக்கப்பட்டுவிட்டது. ஊரையும் தகப்பனையும் கேட்டு ஆளை எடை போடுவது நியாயமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரப்பர் வெட்டுகிறவர் மகன் என்பதற்காக யாரும் யாரையும் எடுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அவன் சொல்ல வேண்டியது அந்தத் தோட்டத்தில் தன் கையால் செய்ததை.

பலவீனம் என்ன என்ற கேள்விக்கு, "எதையும் அப்பழுக்கில்லாமல் செய்வேன், அதுதான் என் பலவீனம்" என்ற பதில் எங்கோ அச்சடித்து விநியோகிக்கப்படுகிறது போலும். அதைச் சொல்லாதீர்கள். உண்மையான ஒன்றை, வேலையைப் பற்றிய ஒன்றை, அதைச் சரிசெய்ய இப்போது செய்துகொண்டிருப்பதோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு பெண் சொன்னாள்: "கூட்டத்தில் எனக்குப் புரியாததைக் கேட்கத் தயங்குவேன். இப்போது கூட்டம் முடிந்த அன்றே எழுதிக் கேட்டுவிடுகிறேன்." குழுவில் எல்லோரும் தலையாட்டினோம். ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்ற கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். எந்த வேலையைக் கற்றுத் தேர ஆசை என்று சொன்னால் போதும்.

பெண்களிடம் மட்டும் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு: கல்யாணம் எப்போது, குழந்தைக்கு என்ன ஏற்பாடு. வேலைக்கு எடுப்பதில் ஆண் பெண் பேதம் பார்ப்பதை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே தடுத்தது. அதன் இடத்தில் வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. ஆனாலும் கேட்கிறார்கள். அறையிலேயே சட்டம் பேசுவதும் பேசாததும் உங்கள் விருப்பம். "இந்த வேலைக்கான நேரமும் பொறுப்பும் எனக்குத் தெரியும், அதைச் செய்து முடிப்பேன்" என்று சொல்லி வேலைப் பேச்சுக்குத் திருப்பிவிடலாம்; குடும்ப விவரம் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிரசவத்துக்காகவோ மாமியாரைப் பார்த்துக்கொள்ளவோ சில வருடம் வீட்டில் இருந்தவர்கள் அந்த இடைவெளியைத் தலைகுனிந்து சொல்வதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்த வாக்கியத்தில், வேலைக்குத் திரும்ப என்ன படித்தீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள் என்று போய்விடுங்கள்.

நர்ஸ் பிள்ளைகளுக்கும் இதெல்லாம் பொருந்தும். திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் வழியாகக் கேரள நர்ஸ்கள் ஜெர்மனிக்குப் போகும் 'டிரிப்பிள் வின்' திட்டத்துக்கு 2021 டிசம்பரில் ஒப்பந்தமானது. வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலில் "நோயாளியின் நிலை திடீரென்று மோசமானபோது என்ன செய்தீர்கள்?" என்பது போன்ற கேள்விக்குத் தயாராக இருங்கள் என்று சொல்வேன். "நான் பொறுமையானவள்" என்பது அதற்குப் பதிலாகாது. இரவு டியூட்டியில் எத்தனை மணிக்கு எதைக் கவனித்தீர்கள், டாக்டரை எப்போது கூப்பிட்டீர்கள், அவர் வரும்வரை என்ன செய்தீர்கள் என்பதே பதில். நோயாளியின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள்.

சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்களுக்கு, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி.யிலிருந்து ஒரு பயிற்சியை எடுத்துக் கொடுக்கிறேன். அங்கே பதினைந்து நிமிடத்துக்குள் உங்களைப் பற்றி எழுத வேண்டும்: பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள் என்ன, நண்பர்கள் என்ன, நீங்களே என்ன நினைக்கிறீர்கள், எதை மாற்றிக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடமே கேட்டுவிட்டு வரச் சொல்வேன். "எதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவே?" என்று கேட்கச் சொல்வேன். பேங்க் ஃபாரம் நிரப்ப, கரண்ட் ஆபீஸில் பேச, தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, கடைக்காரரிடம் கணக்கு முடிக்க என்று அம்மாக்கள் அடுக்குவார்கள். வீட்டில் எல்லோரும் எதற்கு உங்களைத் தேடுகிறார்களோ, அதில் ஒன்றையாவது அலுவலகமும் தேடும். அதற்கு ஒரு சம்பவத்தை எடுங்கள். எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். யாரிடமாவது நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தையில். ஆங்கிலம் தடுக்கினால் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். இலக்கணப் பிழைக்காக ஆளைத் தள்ளியதாக எனக்கு நினைவில்லை, என்ன சொல்ல வருகிறார் என்று புரியாமல் தள்ளியதுண்டு.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "இல்லை" என்று எழுந்துவிடாதீர்கள். நாங்கள் புதிதாக ஒரு வேலைக்கு ஆள் எடுத்த சமயம், வெட்டூர்ணிமடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டாள்: "முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருந்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும்?" மேஜையில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் மூன்று பதில் சொன்னோம். அவள் மூன்றையும் எழுதிக்கொண்டு, "இதில் எது முதலில் சார்?" என்று பிரிவுத் தலைவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இரண்டாவதைச் சொன்னார். மறுநாள் அந்த வேலைக்கான விவரக் குறிப்பை நாங்கள் திருத்தி எழுதினோம்.